சிரித்து என்னத்தைக் கிழித்தார்கள்? பிரிட்டிஷ் அரசியல் நையாண்டி பற்றி

திருச்சி நண்பர் கேட்டிருந்தது:

“எட்டு வருஷத்தில் ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது பிரிட்டன். அத்தனை வருஷமும் டிவியில், ரேடியோவில், பத்திரிகையில் கேலி செய்துகொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சிரிப்பால் ஒரு நாற்காலியாவது அசைந்ததா? சிரித்து என்னத்தைக் கிழித்தார்கள்? அங்கேயே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.”

15 ஆகஸ்ட் 2024, இரவு

நாற்காலி அசையவில்லை, உண்மைதான். நான் இருப்பது லண்டனின் வடமேற்கே ஹாரோ பக்கம். எந்தப் பிரதமரும் கேலிக்குப் பயந்து இறங்கவில்லை. கேமரூனை இறக்கியது பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. தெரசா மேயை இறக்கியது சொந்தக் கட்சி. ஜான்சனைக் கைவிட்டவர்கள் அவருடைய அமைச்சர்களே. டிரஸ்ஸை இறக்கியது கடன்பத்திரச் சந்தை. சூனக்கை மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

ஆனால் இந்த வாரம் பெக்கிள்ஸில் நடந்ததைப் பார்த்தீர்களா? சஃபோக் கவுண்டியில் சின்ன ஊர். லிஸ் டிரஸ் மேடையில் உட்கார்ந்து டிரம்ப்புக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பதாகை மெல்ல இறங்குகிறது. அதில் கண் வைத்த ஒரு லெட்டூஸ் கீரை, கூடவே “பொருளாதாரத்தைக் கவிழ்த்தது நான்” என்ற வாசகம். அவர் திரும்பிப் பார்த்தார், இது வேடிக்கை இல்லை என்று சொன்னார், எழுந்து போய்விட்டார். ‘லெட் பை டாங்கீஸ்’ என்ற அரசியல் கேலிக் குழு செய்த வேலை. பதவி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, எது முதலில் வாடும் என்று ஒரு பத்திரிகை அவர் பதவியோடு போட்டிக்கு வைத்து லைவ் காட்டிய அந்த லெட்டூஸ் இன்னும் அவரை விடவில்லை.

எனக்கு அது சும்மா ஜோக் இல்லை. 2022 செப்டம்பர் 23 டிரஸ் அரசின் மினி பட்ஜெட் வந்தபோது எங்கள் வீட்டுக்கடனில் வட்டி மாறாத பிக்ஸட் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. புரோக்கர் ஒரு ரேட்டைச் சொல்லி, பேப்பர்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். இரண்டு நாளில் போன் செய்து அந்தத் திட்டத்தையே வங்கி எடுத்துவிட்டது என்றார். அடுத்து கிடைத்தது ஏறக்குறைய ஆறு சதவீதத்தில். மனைவி சமையலறை மேஜையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் போனில் லெட்டூஸ் லைவ் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தணிக்கவில்லை.

16 ஆகஸ்ட்

கீழே ஒருவர் “லெட்டூஸ் 49 நாள் தாக்குப்பிடித்தது” என்று எழுதியிருக்கிறார். இல்லை தம்பி. 49 நாள் என்பது டிரஸ் ஆட்சியின் கணக்கு. முதலில் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகை, அவர் கையில் அதிகாரம் உண்மையாக இருந்த நாட்கள் ஒரு லெட்டூஸ் கெடாமல் இருக்கும் நாட்கள் அளவுதான் என்று எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு ‘டெய்லி ஸ்டார்’ அக்டோபர் 14 அன்று டெஸ்கோவில் அறுபது பென்ஸ் கொடுத்து ஒரு லெட்டூஸ் வாங்கி, டிரஸ் படத்துக்குப் பக்கத்தில் வைத்து யூடியூபில் லைவ் போட்டது. அன்றைக்குத்தான் நிதியமைச்சர் குவாசி குவார்டெங்கின் பதவியும் போனது. போகப்போக லெட்டூஸுக்கு விக் வைத்தார்கள், கண் ஒட்டினார்கள். அக்டோபர் 20 அன்று டிரஸ் ராஜினாமாவை அறிவித்தார். லெட்டூஸ் வாடியிருந்தது, ஆனால் ஜெயித்தது.

18 ஆகஸ்ட்

திருச்சி நண்பரே, உங்கள் கேள்வியை நானே இன்னும் கடுமையாகக் கேட்கிறேன். சிரிப்பு யாரையும் இறக்கவில்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. அது ஒருவரை ஏற்றிவிட்டது.

பிபிசியில் 1990-லிருந்து ஓடும் ‘ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ’ நிகழ்ச்சி தெரியுமல்லவா, வாரச் செய்திகளை வைத்துக் கேலி செய்கிற வினாடி வினா. 1998-ல் போரிஸ் ஜான்சன் அதில் முதல்முறை வந்தார். அப்போது அவர் பத்திரிகையாளர், எம்.பி.கூட இல்லை. ‘பிரைவேட் ஐ’ என்ற நையாண்டிப் பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஹிஸ்லப் ஒரு பழைய விவகாரத்தை எடுத்தார். ஜான்சனின் நண்பர் ஒருவர் ஒரு நிருபரை ஆள் வைத்து அடிக்க முகவரி கேட்டு அவருக்குப் போன் செய்திருந்தார், அந்தப் பேச்சு பதிவாகியிருந்தது. விஷயம் சாதாரணமானதா? ஜான்சன் நெளிந்தார், தலைமுடியைக் கலைத்தார், உளறினார். அரங்கம் கைதட்டிச் சிரித்தது. கேள்வி சிரிப்பில் கரைந்துபோனது. பிறகு திரும்பத் திரும்ப அழைத்தார்கள், தொகுப்பாளர் நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். 2008-ல் லண்டன் மேயர். 2012 ஒலிம்பிக்ஸ் சமயத்தில் விக்டோரியா பார்க்கில் கம்பியில் தொங்கியபடி நடுவழியில் மாட்டிக்கொண்டார், கையில் இரண்டு கொடிகள். வேறு எந்த அரசியல்வாதிக்கும் அது மானக்கேடு, அவருக்கு விளம்பரம். 2019 டிசம்பர் தேர்தலில் தெர்மோகோல் செங்கல் சுவரை ஜேசிபியில் இடித்துக் காட்டி 80 இடப் பெரும்பான்மை வாங்கினார்.

என் அலுவலகத்தில் உள்ளவர்கள் அவரைப் பெயர் சொல்லி ‘போரிஸ்’ என்றுதான் பேசுவார்கள். தெரசா மேயை யாரும் ‘தெரசா’ என்றதில்லை. அந்த நெருக்கத்தைக் கொடுத்ததில் சிரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் அந்த நிகழ்ச்சியை இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பார்க்கிறவன் நான்.

19 ஆகஸ்ட், காலை

பர்மிங்காம் அக்கா தாட்சர் காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கேயும் இதே கதைதான் அக்கா. ‘எஸ் மினிஸ்டர்’ தாட்சருக்கு மிகப் பிடித்த தொடர். 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில், அதன் நடிகர்கள் பால் எடிங்டன், நைஜல் ஹாதார்ன் இருவரோடும் அவரே மேடையில் நடித்தார். பொருளாதார நிபுணர்களை ஒழித்துவிட வேண்டும் என்பது அந்தச் சின்ன நாடகத்தின் வேடிக்கை. அரசாங்கத்தைக் கேலி செய்யும் தொடர், அரசாங்கத் தலைவியின் கையிலேயே போய்ச் சேர்ந்தது.

அதே வருஷம் ஐடிவியில் ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ தொடங்கியது. பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா செய்த ரப்பர் பொம்மைகள். தாட்சர் பொம்மைக்கு ஆண்கள் போடும் கோட்டு சூட்டு. ஹோட்டல் காட்சி ஒன்றைப் பலர் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: தாட்சர் தனக்கு ஸ்டீக் ஆர்டர் செய்கிறார். பரிமாறும் பெண், “காய்கறிகளுக்கு?” என்கிறாள். சுற்றி உட்கார்ந்திருக்கும் அமைச்சர்களைக் காட்டி, “அவர்களுக்கும் அதேதான்” என்கிறார். சிரிப்பு அமைச்சர்கள் மேல். அந்த அம்மையாரின் பிம்பம் இன்னும் உறுதியானது. 1987-ல் 102 இடப் பெரும்பான்மையோடு மூன்றாம் முறை ஜெயித்தார்.

அடிபட்டவர் யார் தெரியுமா? லிபரல் தலைவர் டேவிட் ஸ்டீல். கூட்டணிக் கட்சித் தலைவர் டேவிட் ஓவனின் சட்டைப்பையில் உட்காரும் குட்டிப் பொம்மையாக அவரைக் காட்டினார்கள். அது தன்னைப் பாதித்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். பலமுள்ளவரைப் பலசாலியாகவும் பலவீனரை இன்னும் பலவீனராகவும் காட்டிய நையாண்டி யாருக்கு உதவியது? யோசிக்க வேண்டிய கேள்வி.

19 ஆகஸ்ட், மாலை

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தாட்சருக்குப் பின் பிரதமரான ஜான் மேஜரை அதே பொம்மை நிகழ்ச்சியில் உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில், மனைவியோடு பட்டாணி சாப்பிடுகிறவராகக் காட்டினார்கள். கார்ட்டூனிஸ்ட் ஸ்டீவ் பெல் பேண்டுக்கு மேல் ஜட்டி போட்டு வரைந்தார். மேஜரால் அந்தக் கேலியில் சேர்ந்து சிரித்து லாபம் பார்க்க முடியவில்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. யாரைக் கேலி செய்கிறோமோ அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சிரிக்க முடிகிறதா? முடிந்தால், அந்தக் கேலி அவருக்குச் செய்த சேவை.

24 ஆகஸ்ட்

ஒருவர் 1960-களை இழுத்திருக்கிறார்: “பிபிசியின் வாராந்திர நையாண்டிதான் மேக்மில்லன் ஆட்சியைக் கவிழ்த்தது.” அப்படி இல்லை. அவர் சொல்லும் நிகழ்ச்சி ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’ 1962 நவம்பரில் தொடங்கியது, டேவிட் ஃப்ராஸ்ட் நடத்தினார். 1963 ஜூனில் புரொஃப்யூமோ விவகாரம் வெடித்தது. போர்த்துறை அமைச்சரான அவர் நாடாளுமன்றத்திலேயே பொய் சொன்னது வெளியாகி ராஜினாமா செய்தார். மேக்மில்லன் அக்டோபரில் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். அவரை ஆட்டியது ஒற்றர் பயமும் பொய்யும் கட்சிக்குள் பூசலும். நிகழ்ச்சியின் கதி என்ன? 1964 தேர்தல் வருஷம் என்று சொல்லி 1963 டிசம்பரோடு பிபிசி நிறுத்திவிட்டது. கன்சர்வேடிவ் கட்சி 1964-ல் ஆட்சியை இழப்பதற்கு முன்னால் நிகழ்ச்சி போய்விட்டது.

அந்தக் காலத்து நையாண்டிக்காரர்களில் பெரியவர் பீட்டர் குக். ஹிட்லர் எழுந்ததையும் இரண்டாம் உலகப்போரையும் தடுக்க எவ்வளவோ செய்த அந்த அருமையான பெர்லின் கேபரே நையாண்டி மேடைகளைப் போலத் தன் சோஹோ கிளப்பும் இருக்கும் என்று கிண்டலாகச் சொன்னார் அவர். திருச்சி நண்பரின் கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே தொழில்காரரே சொன்ன பதில் அது. ஆனால் அதே குக் ‘பிரைவேட் ஐ’ பத்திரிகையை விலைக்கு வாங்கி, கடைசிவரை அதைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் பத்திரிகையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

1 செப்டம்பர்

கேலிக்காகப் போட்டியிடும் வேட்பாளர்களைப் பற்றி எழுதச் சொன்ன கோவைத் தம்பிக்கு. இங்கே பிரதமரும் ஒரு தொகுதி எம்.பி.தான். முடிவு அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் நிற்பார்கள். 500 பவுண்டு டெபாசிட், பத்துப் பேர் கையெழுத்து, அவ்வளவுதான் செலவு. 5 சதவீதம் வாங்காவிட்டால் டெபாசிட் போச்சு.

கவுன்ட் பின்ஃபேஸ் தலையில் குப்பைத்தொட்டி மாட்டியவர். ஜூலை 5 அதிகாலை சூனக் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசும்போது அவருக்குப் பின்னால் அந்தத் தொட்டி தெரிந்தது. பக்கத்தில் யூடியூபர் நிகோ ஒமிலானா தோல்வியைக் குறிக்கும் ‘எல்’ எழுத்து எழுதிய தாளைப் பிடித்து நின்றார். சூனக்கின் தொகுதியில் நின்ற பின்ஃபேஸுக்கு அங்கே 308 ஓட்டு. ஆனால் மே மாதம் லண்டன் மேயர் தேர்தலில் 24,260 ஓட்டு வாங்கி, ‘பிரிட்டன் ஃபர்ஸ்ட்’ என்கிற இனவெறிக் கட்சியை முந்தினார். அதை ஜோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. போன மாதம் தீவிர வலதுசாரிக் கும்பல்கள் நடத்திய கலவரத்தின்போது எங்கள் பக்கத்துக் கடைகள் மதியமே ஷட்டரை இறக்கின. மகளைப் பள்ளித் தோழி வீட்டிலிருந்து சீக்கிரம் கூட்டிவந்தேன். அந்தக் கும்பலுக்கு ஓட்டுப் பெட்டியில் குப்பைத்தொட்டியைவிடக் குறைவான மதிப்பு என்பது அந்த வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த மரபைத் தொடங்கிவைத்தவர் ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச், ராக் பாடகர். முதல் போட்டியே 1963-ல், புரொஃப்யூமோ காலி செய்த ஸ்ட்ராட்ஃபோர்ட் தொகுதியில். ஓட்டு வயதை 18 ஆக்கு என்று கேட்டார், சிரித்தார்கள். 1969-ல் சட்டமானது. 1990-ல் பூட்டில் இடைத்தேர்தலில் அவருக்கு 418 ஓட்டு, டேவிட் ஓவனின் சோஷியல் டெமாக்ரடிக் கட்சிக்கு 155. அடுத்த மாதம் ஓவன் கட்சியைக் கலைத்தார். நாற்காலி அசைந்ததா என்று கேட்டீர்களே, ஒரு கட்சியே போயிருக்கிறது! முழுக்க சட்சால் இல்லை, ஏற்கெனவே நொந்து கிடந்த கட்சி. ஆனாலும் கடைசி ஆணி அவருடையது.

3 செப்டம்பர்

18-ஆம் தேதி ஜான்சனைப் பற்றி எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. அவரைச் சேர்ந்து சிரிக்க விடாத சிரிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? காட்டுக்குள் பிரபலங்களைப் பூச்சி தின்ன வைக்கிற ‘ஐயம் எ செலிப்ரிட்டி’யிலிருந்து. 2021 டிசம்பர், ஊரடங்கில் பிரதமர் இல்லத்தில் பார்ட்டி நடந்தது வெளிவந்த நேரம். தொகுப்பாளர்கள் ஆன்ட், டெக் இருவரும் கேமராவைப் பார்த்து, “மாலை வணக்கம், பிரதமரே…” என்று நிறுத்தி, “இப்போதைக்கு” என்று முடித்தார்கள். அரசியல் நிகழ்ச்சி பக்கமே தலைவைத்துப் படுக்காத லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் நேரம் அது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, கணவரைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தவர், மறுநாள் வேலியோரம் நின்று அதைப் பற்றியே பேசினார். அவர் சிரிக்கவில்லை.

ஜான்சன் இறங்க இன்னும் ஏழு மாதம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு அவருடைய உளறலும் கலைந்த தலையும் யாருக்கும் அழகாகத் தெரியவில்லை. 2022 ஜூலை 7 அன்று அவர் போகிறார் என்ற செய்தியை டிவி நிருபர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் நின்று சொல்லும்போது, போராட்டக்காரர் ஸ்டீவ் பிரே பழைய கோமாளித்தனமான டிவி நிகழ்ச்சியான பென்னி ஹில் ஷோவின் இசையை ஸ்பீக்கரில் அலறவிட்டார். நடிகர் ஹியூ கிராண்ட் ட்விட்டரில் கேட்டுக்கொண்டதாம்.

4 செப்டம்பர்

நகைச்சுவைக் கலைஞர் ரோமேஷ் ரங்கநாதன் தமிழரா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், நம்மாள்தான், ஈழத் தமிழ்ப் பெற்றோர், முன்பு கணக்கு வாத்தியார். இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டவர் கேரளப் பூர்விகமுள்ள இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் நிஷ் குமார். 2019-ல் ஒரு தர்ம நிகழ்ச்சியில் பிரெக்ஸிட் ஜோக் சொன்னதற்குக் கூச்சல் போட்டு, பன் ரொட்டியைத் தூக்கி அடித்தார்கள். அவருடைய ‘மாஷ் ரிப்போர்ட்’ நையாண்டி நிகழ்ச்சியை பிபிசி 2021-ல் நிறுத்தியது.

14 செப்டம்பர்

பர்மிங்காம் அக்கா எழுதியதைச் சில நாட்கள் மனதில் போட்டு உருட்டினேன். “ஒரு பெண்ணைக் கீரையோடு ஒப்பிட்டுச் சிரித்தீர்கள், அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கே?” என்றார். பெண் என்பதால்தான் அந்தக் கேலி என்பதை நான் ஏற்கவில்லை அக்கா. ஜான்சனுக்கு, சூனக்குக்குக் கிடைத்ததும் குறைவில்லை. இரண்டாவது பாதி சரி.

கன்சர்வேடிவ் கட்சியின் 81,326 உறுப்பினர்கள் போட்ட ஓட்டில்தான் அவர் பிரதமர் ஆனார். பட்ஜெட் மதிப்பீட்டு அலுவலகத்தின் கணிப்பு இல்லாமலே 45 பில்லியன் பவுண்டு வரிச்சலுகையை அறிவித்தார்கள். அதற்கு முன்பே நிதித்துறையின் மூத்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடன்பத்திர விலை சரிந்து ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் கண்டு, செப்டம்பர் 28 அன்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து குறுக்கே விழுந்து காப்பாற்றியது. கைதட்டி வரவேற்ற பத்திரிகைகளும் இருந்தன. லெட்டூஸ் இதில் எதையும் சொல்லவில்லை. மொத்தப் பழியையும் ஒரு ஆள் மேல் போட்டுவிட்டு மற்ற எல்லாரையும் தப்பவிட்டது. என் மாதத் தவணையில் கூடிய முந்நூறு சொச்சம் பவுண்டுக்கு அவர்களும் பொறுப்புதான்.

‘லெட் பை டாங்கீஸ்’ வேறு மாதிரி. அவர்கள் 2019 ஜனவரியில் லண்டனில் முதலில் ஒட்டிய போஸ்டர், கேமரூன் 2015-ல் போட்ட ட்வீட்: என்னோடு நிலையான ஆட்சியா, தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்டோடு குழப்பமா என்று கேட்டது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே பெரிதாக்கி ஒட்டினார்கள். அந்தப் போஸ்டரோடு சேர்ந்து சிரிக்க கேமரூனால் முடியாது. ஆதாரமே கேலியாக நிற்கிறது.

22 செப்டம்பர்

இப்போது, ஜூலையில் பிரதமரான ஸ்டார்மர் முறை. எல்லாரும் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்கட்சிக்கு நன்கொடை தரும் லார்ட் அல்லி கொடுத்த கண்ணாடி, உடை, மனைவிக்குத் துணி. வேறு இடத்திலிருந்து வந்த டெய்லர் ஸ்விஃப்ட் டிக்கெட். 2019-லிருந்து வந்த அன்பளிப்புகள் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதே மாதம் 10-ஆம் தேதி, ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவியை நிறுத்தும் முடிவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வருஷத்துக்கு 200, 300 பவுண்டு. கண்ணாடியையும் அந்த ஓட்டையும் ஒரே மூச்சில் வைத்துக் கேட்கிற நையாண்டிதான் எனக்கு வேண்டும். கண்ணாடி மட்டும் போதாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாடாளுமன்றத்துக்குள் எடுத்த காட்சிகளை அரசியல் நையாண்டி நிகழ்ச்சியில் பயன்படுத்தக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவின் ‘டெய்லி ஷோ’ ஒரு நாள் நிகழ்ச்சியை அதற்காகவே சேனல் 4 காட்டவில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சபையின் படத்தை வைத்து மக்கள் சிரிக்கக் கூடாதாம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

6 அக்டோபர்

‘பிரைவேட் ஐ’ பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

1961-ல் தொடங்கியது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். அட்டையில் தலைவர்கள் படமும் வாயிலிருந்து பலூன் வசனமும். சாதாரணத் தாள், பொடி எழுத்து. நடுப்பக்கங்களில் கேலி, கார்ட்டூன். பின்பக்கங்களுக்குப் போனால் சிரிப்பே இருக்காது, எந்த கவுன்சில் எந்தக் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்ற விசாரணை. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் முதலில் கையில் எடுத்தேன். இப்போது சந்தா கட்டி வாங்குகிறேன்.

அஞ்சலக வழக்கைத்தான் சொல்ல வந்தேன். ஃபுஜிட்சுவின் ஹொரைசன் கணினி தப்புக் கணக்குக் காட்டியதால் 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியர்கள் ஏராளம். கர்ப்பிணியாக இருந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் 2010-ல் சிறைக்குப் போனார். முதலில் எழுதியது 2009-ல் ‘கம்ப்யூட்டர் வீக்லி’. ‘பிரைவேட் ஐ’ 2011-லிருந்து விடாமல் எழுதியது. பெரிய பத்திரிகைகள் வருஷக்கணக்கில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2024 ஜனவரியில் ஐடிவி நாடகம் வந்து நாடே கொதித்தபிறகு மே மாதம் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

அந்தப் பதின்மூன்று வருஷமும் பின்பக்க விசாரணைக்கு அச்சுக்கூலி கொடுத்தது அட்டை ஜோக்கைப் பார்த்து வாங்கினவர்களின் காசு. விளம்பரம் நிறுத்துவோம் என்று மிரட்டி வாயை அடைக்க முடியாத பத்திரிகை, ஏனென்றால் அது விற்கும் பிரதியை நம்பி ஓடுகிறது. திருச்சி நண்பரே, சிரித்து என்ன கிழித்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள ஆகப்பெரிய பதில் இதுதான். அக்காவும் தம்பியும் வேறு உதாரணம் வைத்திருந்தால் எழுதுங்கள். 2020-ல் ‘பிரைவேட் ஐ’ வெளியிட்ட அஞ்சலக வழக்குச் சிறப்பு அறிக்கையைத் தேடிப் படியுங்கள். அதில் ஜோக் எதுவும் இல்லை.